அடுப்புப் பக்கம், இலைப் பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள பட்டாசுக்கு,

அண்ணி எழுதுவது. போனில் பேசினால் பேச்சு ஆரம்பிக்கும்போதே நீ வெடிக்கிறாய், நான் பதிலுக்குக் கத்துகிறேன், உன் அண்ணன் நடுவில் நின்று திருதிருவென்று விழிக்கிறார். உனக்குப் பட்டாசு என்று அவர் பெயர் வைத்தது சும்மா இல்லை. அதனால் இனி எது இருந்தாலும் எழுத்தில்தான். மீன் வண்டிக்காரர் வாரத்தில் இரண்டு தடவை உங்கள் ஊருக்கு ஐஸ் பெட்டி ஏற்றிப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையைப் பசை போட்டு ஒட்டி, அதன் மேல் டேப்பும் ஒட்டியிருக்கிறேன். டேப் கிழிந்திருந்தால் எனக்குச் சொல்.

உன் மாமியாருக்கு இடுப்பு எலும்பு கூட நாளாகும் என்று கேள்விப்பட்டேன். நீ அங்கே இருந்துதான் ஆக வேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கடை நாறுகிறது. ரொட்டிக் கடைக்காரரின் தம்பியை அடுப்பில் நிறுத்திப் பார்த்தேன். அவர் சுட்ட மீன் வெளியே கரி, உள்ளே பச்சை. அடுத்து வந்தவர் சுட்டால் தோல் முழுக்கக் கம்பித் தட்டோடு போய்விடும், தட்டில் வந்து விழுவது உப்புமா மாதிரி இருக்கும். சாப்பிட வருகிறவர்கள் சாஸை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு எழுந்து போகிறார்கள். எனக்கு மானம் போகிறது.

நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷம் அந்தச் சின்னக் கடைக்குள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றோம். நெருப்பும் மீனும் உன் பக்கம், கத்தியும் இலையும் என் பக்கம். உன் இடுக்கியை நான் தொட்டதில்லை, என் பலகையை நீ தொட்டதில்லை. "திருப்பிட்டேன்" என்று நீ குரல் கொடுத்தால் நான் எலுமிச்சை பிழிவேன், நமக்குள் இருந்த பேச்சே அவ்வளவுதான். அது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது பார், எனக்கு ஒரு மீனைச் சுடத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். சந்தைக் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். புதுக் கட்டடத்தில் இப்போது இருக்கிற கடைகளில் பாதிக்குத்தான் இடம். சந்தை அதிகாரி ஆட்களோடு வந்து ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யப் போகிறாராம். நம் கடையில் இருப்பது ஒன்றே ஒன்று, சுட்ட கொடுவா மீன், மேலே பச்சை சாஸ். மீன் சரியில்லை என்றால் நாம் தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் நீ எப்படிச் சுடுகிறாய் என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. நானே நிற்கிறேன்.

ஒரே ஒரு நிம்மதி, உன் மீன் துணி மூட்டையை இப்போது துவைக்க வேண்டியதில்லை. இவர்கள் யாரும் துணியை அழுக்காக்குவது கிடையாது.

அண்ணி


பிப்ரவரி 6

அண்ணிக்கு,

டேப் கிழியவில்லை. ஆனால் ஒரு ஓரம் ஈரமாக இருந்தது. ஐஸ் தண்ணீர் பட்டதா, ஆவியில் காட்டித் திறந்துவிட்டு மறுபடி ஒட்டியதா என்று சொல்ல முடியவில்லை. வண்டிக்காரர் முகத்தைப் பார்த்தால் எல்லாம் படித்து முடித்தவர் மாதிரித்தான் இருக்கிறது.

மாமியார் கட்டிலில் படுத்தபடியே வீட்டை ஆள்கிறார். நான் அடுப்பைப் பற்ற வைப்பதற்குள், "என்னமோ கருகுற மாதிரி இருக்கே" என்று அங்கிருந்து குரல் வந்துவிடும். இவர் எழுந்து நடந்தால்தான் எனக்கு விடுதலை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கண்ணில் புகை ஏறி நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற நாளில்கூட நீங்கள் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. "எப்படிடி பண்றே" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ஒன்று விடாமல் எழுது என்கிறீர்கள். எழுதிக் கொடுத்த பிறகு நான் எதற்கு? அடுப்பும் உங்களுடையது, பலகையும் உங்களுடையது. நான் வந்து மேசை துடைக்கவா?

வண்டிக்காரர் இன்னொன்றும் சொன்னார். "உங்க அண்ணி போர்டு எழுதறவரை வரச்சொல்லி ஏணி போட்டு ஏத்தியிருக்காங்க, புது போர்டு போல" என்றார். இடிக்கப் போகிற கடைக்கு எதற்கு போர்டு? புதுக் கட்டடத்துக்கா? அதில் யார் பெயரை எழுதச் சொன்னீர்கள்? இடத்தை யார் பெயரில் கேட்கப் போகிறீர்கள்? அண்ணன் பெயரிலா, உங்கள் பெயரிலா, என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா? முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். மீனைப் பிறகு பார்க்கலாம்.

பட்டாசு

பின்குறிப்பு: மாமியாருக்கு வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. உங்கள் பச்சை சாஸ் எப்படிச் செய்வது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.


பிப்ரவரி 10

பட்டாசுக்கு,

கடைசியில் போகிற போக்கில் கேட்பது போல ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் மீதிக் கடிதம் முழுவதையும் எழுதினாயோ என்று நினைத்தேன். வண்டிக்காரர் உனக்கு மட்டும் சேதி சொல்லவில்லை, எனக்கும் சொன்னார். "உங்க நாத்தனார் வாசல்ல கம்பித் தட்டு வெச்சு மீன் சுடறாங்க, தெருவே கூடி நிக்குது" என்றார். மாமியாருக்கு வாய்க்குப் பிடிக்கவில்லையா, தெருவுக்கே பிடித்துப் போய்விட்டதா? மீன் உன்னிடம் இருக்கிறது. சாஸ் கிடைத்துவிட்டால் அங்கேயே ஒரு கடை போட்டுவிடலாம். அப்படி யோசனை இருந்தால் நேரே சொல்லிவிடு. மாமியார் இடுப்பை நடுவில் இழுக்காதே.

போர்டு விஷயம் கேட்டாய். மழையில் சாயம் உரிந்து, போர்டில் இருக்கிற மீனுக்கு வால் போய்விட்டது. அதிகாரி வருகிற நேரத்தில் வாலில்லாத மீன் தொங்க வேண்டாம் என்று வால் வரையச் சொன்னேன். இதற்கு இவ்வளவு கலவரம்.

இடம் யார் பெயரில் என்று இன்னும் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

நீ கேட்ட சாஸ் இதோ. எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். நீ எதற்குக் கேட்கிறாய் என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது. இருந்தாலும் நான் கேட்டதை நீ தர வேண்டுமானால், நீ கேட்டதை நான் தர வேண்டும்.

கொத்தமல்லி இரண்டு பங்கு, புதினா ஒரு பங்கு. தண்டை நீக்கிவிடு, புதினாத் தண்டு கசக்கும். கழுவிய இலையைத் துணியில் பரப்பி நிழலில் உலர விடு. இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு தனியே நிற்கும். மிக்ஸி பக்கமே போகாதே, அந்தச் சூட்டில் இலை கறுத்துவிடும். நல்ல கத்தியால், இலையை நசுக்காமல், ஒரே திசையில் நறுக்கு. பூண்டை உப்போடு சேர்த்து நசுக்கிக்கொள். பச்சை மிளகாயின் விதையை எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கு. எல்லாவற்றையும் சேர்த்து முதலில் எண்ணெய் விட்டுக் கிளறு, இலை முழுக்க எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். எலுமிச்சை கடைசியில்தான். மீனை இரண்டாம் பக்கம் திருப்பிய பிறகுதான் பிழிய வேண்டும். முன்னாலேயே பிழிந்து வைத்தால் பச்சை மங்கி, பழைய கீரை மாதிரி ஆகிவிடும். நீ குரல் கொடுப்பதற்காக நான் காத்திருந்தது இதற்குத்தான்.

அதிகாரி 24ஆம் தேதி வருகிறார். இனி உன் முறை.

அண்ணி


பிப்ரவரி 13

என் தங்கமான அண்ணிக்கு,

நான் ஏதோ எரிச்சலில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வாசலில் மீன் சுட்டது நிஜம்தான். உள்ளே புகை போட்டால் மாமியாருக்கு இருமல் வருகிறது. வாசனைக்கு அக்கம்பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். வண்டிக்காரர் வாயில் அது தெருவாகிவிட்டது.

மீன் சுடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கரியைப் பற்ற வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். தீ அடங்கி, கங்கின் மேல் சாம்பல் பூக்க வேண்டும். அதன் மேல் கம்பித் தட்டை வைத்து நன்றாகக் காய விடுங்கள். மீனின் தடித்த இடத்தில் பக்கத்துக்கு மூன்று கீறல் போடுங்கள்.

முக்கியமானது இனிமேல்தான். மீனை உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட அப்படியே தட்டில் வையுங்கள். ஈரம் இருந்தால்தான் தோல் ஒட்டாது. எண்ணெய் வேண்டவே வேண்டாம், நெருப்பு எழும்பும். ஒரு பக்கம் வெந்ததும் திருப்புங்கள். அவ்வளவுதான் என் கைப்பக்குவம்.

யார் பெயர் என்று கேட்டதற்கு, கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். சரி அண்ணி. நீங்கள் பெரியவர், உங்களுக்குத் தெரியாததா.

சாஸுக்கு நன்றி. இன்னும் செய்து பார்க்கவில்லை.

உங்கள் பட்டாசு


பிப்ரவரி 17

பட்டாசுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், கை எரிகிறது. நேற்றும் இன்றும் நீ எழுதியபடியே செய்தேன். கங்கில் சாம்பல் பூத்தது, தட்டு காய்ந்தது, மீன் சொட்டச் சொட்டத்தான் போயிற்று. தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டினேன், மீன் மூன்றாக உடைந்தது. உள்ளே அவித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. உன் அண்ணன் ஒரு வாய் தின்றுவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் பரவாயில்லை என்றால் அதை நாய்க்குத்தான் போட வேண்டும்.

சத்தமும் வேறு மாதிரி இருக்கிறது. நீ மீனை வைத்தால் எனக்கு முதுகுக்குப் பின்னால் சுர்ரென்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் பொரிகிற சத்தம்தான். நான் வைத்தால் புஸ்ஸென்று ஆவி கிளம்புகிறது, அது அடங்கவே மாட்டேன் என்கிறது.

எழுதும்போது எதையாவது விட்டுவிட்டாயா? மாமியார் கூப்பிட்டிருப்பார், எழுந்து போயிருப்பாய், ஒரு வரி விட்டுப் போயிருக்கும். யோசித்துப் பார்த்து உடனே எழுது. 24ஆம் தேதிக்கு இன்னும் நாள் அதிகம் இல்லை.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணி,

நேற்றுப் பகலில் போன் செய்தேன். நான் "அண்ணி" என்று ஆரம்பித்ததுமே, "எதுவா இருந்தாலும் எழுத்துல எழுது, இன்னிக்கு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், என்ன சொல்வது? உன் பெண்டாட்டிக்குப் பொய்யாக எழுதிக் கொடுத்துவிட்டேன், போய்ச் சொல் என்றா? அவர் என் முகத்தில் விழிப்பாரா?

நான் ஒரு வரியும் விட்டுவிடவில்லை, அண்ணி. மாமியாரும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான் எழுதினேன். மீனை ஈரமாக வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீரும் கூடாது. துணியால் உள்ளும் புறமும் ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும், தொட்டால் கை வழுக்கக் கூடாது. ஒரு துணி நனைந்தால் அடுத்த துணி. பிறகு மீனின் மேல் எண்ணெய் தடவி, தட்டில் வைக்கும் போதுதான் உப்புப் போட வேண்டும். வைத்த பிறகு தொடவே கூடாது. தோல் மொறுமொறுவென்று ஆனதும் மீன் தானாகத் தட்டை விடும். விடாத மீனை இழுக்கக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். இதைத் தவிர வேறு எதுவும் கிடையாது, சத்தியமாக.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். உங்கள் சாஸும் பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு நீளமாக, இவ்வளவு பொறுமையாக எழுதுகிறார்களே, நடுவில் எங்கேயோ ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. யார் பெயர் என்று கேட்டதற்கும் நீங்கள் பிடி கொடுக்கவில்லை. அதனால் நானும் ஒன்றைச் சேர்த்து எழுதினேன். அப்புறம்தான் சாஸைச் செய்து பார்த்தேன். எங்கே தப்பு வரும் என்று ஒவ்வொரு படியிலும் காத்துக்கொண்டே செய்தேன். ஒன்றும் வரவில்லை. பச்சைப் பசேலென்று, நம் கடையில் இருக்கிற அதே ருசி. மாமியார், "இது யாரு கை" என்று கேட்டார். "அண்ணி கை" என்றேன். மறுநாளும் செய்தேன், ஒரு தடவை தற்செயலாக வந்திருக்கலாம் என்று. அப்போதும் அதேதான் வந்தது.

உங்கள் கடைசிக் கடிதத்தில், விட்டுப் போயிருக்கும் என்று எனக்காக நீங்களே காரணம் கண்டுபிடித்து எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

என் பயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அடுப்பு இல்லாவிட்டால் எனக்கென்று ஒன்றும் இல்லை, அண்ணி. இந்த வீட்டில் நான் மருமகள், அந்த வீட்டில் அண்ணன் தங்கை. அடுப்பு முன்னால் நிற்கும்போதுதான் நான் நானாக இருக்கிறேன். அதை யாரோ வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று தோன்றியதும் புத்தி கெட்டுப்போய்விட்டது.

வண்டி பழுதாகி நிற்கிறது, இரண்டொரு நாளில் கிளம்பும் என்கிறார்கள். 24ஆம் தேதிக்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

பட்டாசு


பிப்ரவரி 25

பட்டாசுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. நான் கரி பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்து, "அவசரம்னாங்க, உடனே பிரிச்சுப் படிக்கச் சொன்னாங்க" என்று நீட்டினார். நான் வாங்கி எலுமிச்சைக் கூடைக்கு அடியில் வைத்துவிட்டேன். பிரிக்கவில்லை. அதில் இன்னும் என்ன எழுதியிருப்பாயோ என்று பயம். அதிகாரி வருகிற நேரத்தில் உன் கையெழுத்தைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

ஏனென்றால் நீ எழுதியது பொய் என்று அதற்கு முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. இலையைக் கழுவிப் பரப்பத் துணி தேடி அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டு முழுக்க உன் மீன் துணிகள், நான் துவைத்து மடித்து அடுக்கியவை. எத்தனை வருஷமாகத் தினமும் அந்த மூட்டையைத் துவைத்திருக்கிறேன். ஈரமாக மீன் சுடுகிறவளுக்கு இத்தனை துணி எதற்கு? அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இலையில் ஈரம் கூடாது என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான், மீனுக்கு மட்டும் ஈரம் வேண்டும் என்று நம்பியிருக்கிறேன். நீ சொன்னதால் நம்பினேன். கோபம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது வெட்கம்.

அன்று பகல் முழுக்க மீனாகச் சுட்டுத் தள்ளினேன். துடைத்தேன், துடைத்தது போதாமல் மறுபடி துடைத்தேன். எண்ணெயைத் தட்டில் தடவிப் பார்த்தேன், புகைந்தது. மீனில் தடவிப் பார்த்தேன், சுர்ரென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, போ. அதற்குப் பிறகு சத்தத்தை வைத்துத்தான் எல்லாம். பொரிகிற சத்தம் குறையும்போது நீ திருப்புவாய் என்று என் முதுகுக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று அதிகாரியும் அவரோடு மூன்று பேரும் வந்தார்கள். மீனை வைத்தேன், அது தானாக விட்டது, திருப்பினேன். "திருப்பிட்டேன்" என்று சொல்ல ஆள் இல்லாததால் நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடிப் போய் எலுமிச்சை பிழிந்தேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் தட்டில் முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டே, "இடம் உங்களுக்குத்தாம்மா. யாரு பேருல எழுதிக்கட்டும்?" என்றார்.

என் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மீன் நான் சுட்டது, சாஸ் நான் செய்தது, பொய் மட்டும்தான் உன்னுடையது. உன் அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாயோ அப்படி ஒரு ஆளாக நான் ஆகிவிடக் கூடாது என்று ஒரு பிடிவாதம் வந்தது. இரண்டு பேர் பெயரையும் சொன்னேன். உன் பெயரை முதலில் சொன்னேன். பாசத்தில் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே, வீம்பில்தான் சொன்னேன்.

அவர்கள் போன பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். எழுதியிருந்தது எல்லாம் சரி. துணி, எண்ணெய், உப்பு, தானாக விடும் வரை காத்திருப்பது, எல்லாம் சரி. உப்பைக் கடைசியில் போடுவது மட்டும் நான் கண்டுபிடிக்காதது, அது உன்னிடம் கற்றது. அடுப்பு இல்லாவிட்டால் உனக்கென்று ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாமே. நான் என்ன, கல்லா?

மாமியார் எழுந்து நடக்கட்டும், வந்து சேர். புதுக் கடையில் நமக்கு ஜன்னல் ஓரம் கிடைத்திருக்கிறது, புகை வெளியே போய்விடும். நீ இலைப் பக்கம் நில். கத்தி பிடிப்பதை எழுத்தில் சொல்லித் தர முடியாது, பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன். முன்னால் உனக்கு எழுதியது போலவே எதையும் மறைக்காமல் சொல்லித் தருவேன், நம்புவதும் நம்பாததும் உன் பாடு.

அடுப்பை மட்டும் என்னிடம் கேட்காதே. கேட்டால் மறுக்க எனக்கு வாய் வராது. மறுபடி உன்னை நம்பிக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

அண்ணி